காற்றை வரையச் சொன்னார்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதம். காரைக்குடிக்குப் பக்கத்தில் அமராவதிபுதூரில் ஒரு பலகாரக் கொட்டகை. அங்கே நடந்ததையும், அதற்காக நான் ஒரு கல்லூரியில் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததையும் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாவது வரைதான் படித்தேன்.

எனக்கு மானகிரியில் தகரப் பட்டறை. கதவு, கூரை, தொட்டி மூடி, புகைக்குழாய் எல்லாம் செய்வேன். இருபத்தாறு வருடத் தொழில்.

அந்தக் கொட்டகையில் என் மனைவி வேலை பார்க்கிறாள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை சுடுவார்கள். ஒன்பது பெண்கள், மூன்று விறகடுப்பு. நடத்துவது ஒரு ஆச்சி. விறகில் சுட்டால்தான் அந்த ருசி என்று வெளியூரிலிருந்து கேட்டு வாங்குகிறார்கள். அதனால் அங்கே கேஸ் கிடையாது.

அந்த அடுப்புகளுக்குப் புகைக்குழாய் வைத்தது நான். மூன்று அடுப்புக்கும் சேர்த்து மேலே தகரத்தில் அகலமாக ஒரு மூடி. அதைக் குடை என்போம். குடையின் உச்சியிலிருந்து கூரைக்கு மேலே போகும் குழாய்.

மாசியில் வைத்தேன். முதல் நாளே புகை சரியாகப் போகவில்லை. பாதி மேலே போனது, பாதி கொட்டகைக்குள் வந்தது. அடுப்புக்காரிகளுக்கு மூச்சு முட்டியது. அதனால் சித்திரையில் மேற்குச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தேன். என் மனைவி நிற்கும் அடுப்புக்கு நேராக. யாரும் கேட்கவில்லை, நானாக வைத்தேன். அதன் பிறகு கொஞ்சம் தேவலை. பெண்கள் எல்லாரும் ஜன்னலைப் புகழ்ந்தார்கள். என் மனைவி அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஆனி பிறந்து மேற்கேயிருந்து மேல்காற்று எடுத்ததும் புகை மறுபடி வந்தது. முன்னைவிட மோசம். ஒரு நாள் ஜன்னலை அடைத்துப் பார்த்தோம். புகை இன்னும் அதிகமானது. குழாய் வழியாகவே கீழே இறங்கியது. உடனே திறந்துவிட்டோம். ஜன்னல்தான் காப்பாற்றுகிறது என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. எனக்கும்தான்.

குற்றம் குழாயில் என்று நினைத்தேன். காற்று மேலேயிருந்து அமுக்குகிறது என்று இரண்டடி ஏற்றினேன். ஆகவில்லை. மறுபடி இரண்டடி. குடையை அகலமாக்கினேன். மின்விசிறி வைத்தேன். எண்ணெய்ப் புகை ஒட்டி, எட்டே நாளில் மோட்டார் கருகிப் போனது.

அதற்குள் என் மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவாள். காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். புகையில் நிற்கக் கூடாது என்று சொன்னார். வெளியே வந்ததும் நான், வேலையை விட்டுவிடு என்றேன்.

"மிச்சம் எட்டுப் பேரு நிக்கிறாளுக. நான் மட்டும் வீட்டுல உக்காந்து விசிறிக்கிட்டிருக்கவா?" என்றாள். "குழாய் வச்சது எம் புருசன். நானே ஓடிட்டேன்னா அவளுக என்ன சொல்லுவாளுக?"

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

அடுத்த வாரம் ஆச்சி கொட்டகைக்குள் வந்து நின்றார். ஒரு சட்டி தேன்குழல் வெந்து எடுக்கும் நேரம் நின்றிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏப்பா, நீ வச்ச குழாய் புகைய மேல அனுப்புதா, கீழ அனுப்புதா?"

"காத்து அமுக்குது ஆச்சி. இன்னொரு ரெண்டடி ஏத்துனா சரியாப் போகும்."

"போன தடவையும் ரெண்டடின்னுதான சொன்ன? இப்பிடியே ஏத்துனா குன்றக்குடி மலைக்குச் சமமா வந்துரும் போல."

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி இருமிக்கொண்டிருந்தாள். ஆச்சி அவளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எம் பலகாரத்துக்காக ஒருத்தி நெஞ்சு கெட வேணாம். ஆடி முடியட்டும். அதுக்குள்ள புகை போகலைன்னா அடுப்ப இடிச்சிருவேன். கொட்டகையப் பூட்டிட்டுப் போறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒன்பது வீட்டு அடுப்பு அந்த மூன்று அடுப்பை நம்பி எரிகிறது.

அந்தச் சமயத்தில் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே லேபில் நீளமான தகரப் பெட்டி ஒன்று. ஒரு முனையில் பெரிய விசிறி. உள்ளே காற்றை விட்டுப் படிப்பார்களாம். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதுத் தகடு வைத்துத் தர வேண்டும்.

லேபைப் பார்த்துக்கொண்டது ஒரு மேடம். முப்பது வயது இருக்கும். தேவகோட்டைப் பக்கம். பாடமும் எடுக்கிறார், தானும் மேல்படிப்புப் படிக்கிறார். எப்போதும் ஓட்டம்தான். நின்று பேசிப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் அவர் கம்ப்யூட்டரில் கலர் கலராக ஒரு படம் ஓடியது. சுற்றிச் சுற்றிக் கோடுகள்.

"கோலமா மேடம்?"

"காத்துண்ணே. இந்தப் பொட்டிக்குள்ள காத்து எங்குட்டுப் போகுது, எங்குட்டுச் சுத்துதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுது."

நான் போய் வேலையைப் பார்த்தேன். ஆனால் கை ஓடவில்லை. சாயங்காலம் கருவிகளைக் கட்டிய பிறகு கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு புகைக்குழாய் இருக்கு. இழுக்க மாட்டேங்குது. இதுல பாக்க முடியுமா?"

"முடியும். ஆனா முதல்ல வரையணும். எனக்கு இப்பத் தலைக்கு மேல கெடக்கு. நீங்களே வரையுறீகளா?"

"எனக்கு இங்கிலீசு வராது."

"டேப்புல இருக்குற நம்பர் தெரியும்ல? அது போதும். நாலு மணிக்கு மேல வாங்க. ஒரு மணி நேரம் உக்காருங்க."

கேலி என்று நினைத்தேன். மறுநாள் நாலு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்குட்டு உக்காருங்கண்ணே" என்றார்.

அந்த மென்பொருள் காசில்லாமல் கிடைப்பதுதானாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முதலில் வடிவத்தை வரைய வேண்டும். பிறகு அதன் மேல் வலை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கணக்கு. கணக்கை மேடம் பார்த்துக்கொள்வார். முதல் இரண்டும் என் வேலை.

மவுஸ் என் கைக்கு நிற்கவில்லை. ஒரு விரலால் தட்டினால் இரண்டு எழுத்து விழுந்தது. எனக்கு அடி, அங்குலம், தகட்டுக் கனத்துக்கு மில்லி, இவ்வளவுதான் தெரியும். அது மீட்டர் கேட்டது. தாளில் மாற்றி எழுதி வைத்துக்கொண்டு தட்டினேன்.

முதல் நாள் எனக்குத் தெரிந்த மாதிரி வரைந்தேன். நாலு தகடு, அதில் எங்கே வெட்டு, எங்கே மடிப்பு. மேடம் வந்து பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"குடை. பிரிச்சுப் போட்டா இப்பிடி இருக்கும்."

"தகரத்த வரையாதீகண்ணே. தகரத்துக்கு உள்ள இருக்குற காத்த வரையுங்க."

எனக்குப் புரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது? வெறும் இடம். வெறும் இடத்தை எப்படி வரைவது?

அவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்றபடி சொன்னார். "எனக்கு இட்லித்தட்டு வேணாம்ணே. இட்லிதான் வேணும்."

போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குடையைக் கவிழ்த்து அதில் மாவை ஊற்றி, வெந்த பிறகு தகரத்தைப் பிரித்து எடுத்தால் நிற்குமே, அந்த வடிவம். இத்தனை வருடம் தகரத்தை வெட்டியிருக்கிறேன், மடித்திருக்கிறேன். அதற்குள் இருப்பதற்கு ஒரு வடிவம் உண்டு என்று நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு வேகம் வந்தது. கீழே ஒரு பெட்டி. அதன் மேலே குறுகிக்கொண்டு போகும் ஒரு துண்டு. அதற்கு மேலே உருளை. மூன்றும் காற்று. மூன்று நாளில் முடித்தேன். பார்க்க என் குடை மாதிரியே இருந்தது.

அடுத்தது வலை. காற்றைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவதுதான் வலை. ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நான் வலைக்கான பட்டனை அமுக்கினேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி சிவப்பு. அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தேன். சிவப்பு. இப்படி நாலு நாள்.

ஐந்தாம் நாள், "இது ரிப்பேர் மேடம்" என்றேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பெட்டியும் மேல் துண்டும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு சந்து. மேலே உருளை சேரும் இடத்திலும் அதே சந்து.

"இது என்னண்ணே?"

"அது ஒரு மில்லி. விட்டுருக்கேன்."

"எதுக்கு?"

"வெல்டிங்குக்கு."

தகடும் தகடும் சேரும் இடத்தை முட்ட வைக்க மாட்டோம். கொஞ்சம் சந்து விட்டால்தான் உருகின இரும்பு உள்ளே இறங்கிப் பிடிக்கும். கை பழகிப் போச்சு. நம்பர் தட்டும்போதும் கை அதையே செய்திருக்கிறது.

மேடம் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"காத்துக்கு யாருண்ணே வெல்டு வைக்கப் போறா? ரெண்டையும் முட்ட வைங்க. ஓட்டை இருந்தா இது வலை போடாது."

முட்ட வைத்தேன். பட்டனை அமுக்கினேன். குடை முழுக்க முக்கோணம் முக்கோணமாக வலை விழுந்தது. செல்லில் படம் பிடித்துப் போய் மனைவியிடம் காட்டினேன்.

"புகைய வலை போட்டுப் பிடிக்கப் போறீகளாக்கும்?" என்றாள். ஆனால் செல்லைத் திருப்பித் தரவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள்தான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன்.

மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதலில் துண்டுகளைப் பெரிதாக வையுங்கள், வேண்டிய இடத்தில் மட்டும் பிறகு சின்னதாக்கலாம் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. சின்னதாக இருந்தால்தானே நுணுக்கமான வேலை. எல்லா இடத்துக்கும் ஒரு மில்லி என்று கொடுத்துவிட்டேன். மேடம் வகுப்பில் இருந்தார்.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அம்பு அசையவில்லை. உள்ளே விசிறி இரைந்தது. ஏதோ சூடாகிற மாதிரி இருந்தது. பட்டறையில் வெட்டு மெஷின் தகட்டில் மாட்டிக்கொண்டால் நாங்கள் யோசிக்க மாட்டோம். முதலில் கரண்டை நிறுத்துவோம். இல்லாவிட்டால் விரல் போய்விடும். எழுந்து போய் சுவரில் இருந்த சுவிட்சை அமத்தினேன்.

அதே கம்ப்யூட்டரில் மேடத்தின் கணக்கு ஒன்று மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. திரையில் அது தெரியவில்லை.

அவர் வந்தார். இருண்ட திரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சுவிட்ச அமத்துனீகளா?"

"ஆமா மேடம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய பெரிய வாத்தியார் முன்னால் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டதாம்.

"இன்னைக்குப் போங்கண்ணே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தகடு வேலையும் முடிந்திருந்தது. அங்கே போக எனக்கு வேறு காரணம் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்குப் போகலையா என்று மனைவி கேட்டாள். லீவு என்றேன்.

ஆடி பிறந்தது. காற்று இன்னும் வலுத்தது. கொட்டகையில் இரண்டு பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனைவி பேசுவதைக் குறைத்துவிட்டாள். பேசினால் இருமல் வருகிறது.

கல்லூரிக்குப் போவதை விட்ட ஆறாம் நாள் பட்டறையில் இருந்தேன். செல் அடித்தது. மேடம்.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

உங்கள் கணக்கு என்று இழுத்தேன்.

"அது மறுபடி ஓடுது. பெரியவரு ஒரு வாரம் தவணை குடுத்துருக்காரு. நாந்தான் நடுவுல நடுவுல சேமிச்சு வச்சிருக்கணும். அதுவும் எந்தப்பு. நீங்க வந்து உங்க குடைய முடிங்க. ஓரத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்கு, அது உங்களுக்கு."

போனேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரின் சுவிட்சுக்கு மேல் குறுக்கே டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் பேனாவில் எழுதியிருந்தது: அண்ணே, தொடாதீக.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உட்கார முடிந்தது.

இந்த முறை சொன்னபடி செய்தேன். எங்கும் பெரிய துண்டு. அடுப்பு வாய்ப் பக்கமும், குடை குறுகிக் குழாயில் சேரும் கழுத்துப் பக்கமும் மட்டும் சின்னது. காற்று உள்ளே வரும் பக்கம் எது, வெளியே போகும் பக்கம் எது என்று பெயர் வைக்கச் சொன்னது. அடுப்பு, குழாய் என்று தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் தட்டினேன். அதுவும் ஏற்றுக்கொண்டது. மேடம் கணக்கை ஓட விட்டார்.

படம் வந்தது. புகை எல்லாம் ஒழுங்காக மேலே போனது. கொஞ்சம் கூட வெளியே வரவில்லை.

"பொய் சொல்லுது" என்றேன்.

"இல்லண்ணே. நீங்க குடுத்ததுக்கு அது சரியாத்தான் சொல்லுது. குடையில தப்பு இல்ல. குடைக்கு வெளிய என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொட்டகைதான்."

"கொட்டகைக்குள்ள காத்து இல்லையா?"

நான் செய்ததை மட்டும்தான் வரைந்திருக்கிறேன். கொட்டகை நான் கட்டியது இல்லை. அதனால் அது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையை அளந்தேன். நீளம், அகலம், உயரம், மண் பறக்கும் என்று சாத்தியே வைத்திருக்கும் கதவு, ஜன்னல். பெண்கள், கொட்டகையை விலைக்கு வாங்கப் போறீகளா என்று கேட்டார்கள். மேல்காற்று எவ்வளவு வேகம் என்று மேடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஜன்னல் கம்பியில் கட்டின ஈரத் துண்டு படுத்த வாக்கில் பறக்கும் என்றேன். அதை வைத்து அவர் ஒரு நம்பர் போட்டார்.

கொட்டகைக் காற்று முழுவதையும் வரைய ஐந்து நாள் ஆனது. வலை போட்டு, கணக்கு ஓடி முடிய இரண்டு நாள்.

படத்தில் பார்த்தேன். ஜன்னலிலிருந்து காற்று ஒரு பட்டையாக நேரே வருகிறது. குடையின் விளிம்பில் இடிக்கிறது. உள்ளே சுருண்டு, அங்கே இருக்கிற புகையை வாரிக்கொண்டு இந்தப் பக்கம் வெளியே வருகிறது. என் மனைவி நிற்கிற இடத்துக்கு.

ஜன்னலை மூடினால் என்ன ஆகும் என்றும் மேடம் ஓட விட்டார். அடுப்பு எரிவதற்கும் குழாய் இழுப்பதற்கும் காற்று இல்லை. கொட்டகை குழாய் வழியாகவே காற்றைக் கீழே இழுக்கிறது. அன்றைக்கு நாங்கள் கண்ணால் பார்த்ததுதான்.

"இந்த ஜன்னல் யாருண்ணே வச்சது?"

"நாந்தான்" என்றேன்.

மேடம் படத்தைத் தரைப் பக்கம் நகர்த்தினார். "காத்து வேணும். ஆனா மேல வரக் கூடாது. கீழ வரணும்" என்றார். நானே வரைந்தேன். ஜன்னலை எடுத்துவிட்டேன். அடுப்புகளுக்குப் பின்னால் சுவரில், தரையை ஒட்டி, ஆறு ஓட்டைகள் வைத்தேன். வலை போட்டோம். இந்தத் தடவை காற்று ஓட்டை வழியாக வந்து, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, புகையோடு மேலே போனது.

"இது கம்ப்யூட்டர் சொல்றதுண்ணே. நேர்ல வேற மாதிரி வந்தாலும் வரும். பாத்துச் செய்யுங்க."

ஆடி முடிய எட்டு நாள் இருந்தது.

காலையில் தகடும் உளியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். செய்யப் போவதைச் சொன்னேன். கொட்டகையே திரண்டு வந்தது.

"ஜன்னல அடைச்சுட்டு அடியில எலிப்பொந்து வைக்கப் போறாராம்டி."

"அன்னைக்கு அடைச்சப்ப செத்துப் பொழச்சது மறந்து போச்சா அண்ணே?"

ஆச்சியும் வந்துவிட்டார். "ஒரு பொட்டி சொல்லுச்சுன்னு இத்தன பேரு மூச்ச வச்சு வெளையாடாதப்பா" என்றார்.

எல்லாரையும்விட என் மனைவிதான் அதிகம் எதிர்த்தாள். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "நான் இத்தன நாளு உசுரோட நிக்கிறதே இதுனாலதான். இத அடைக்க விட மாட்டேன்."

நான் தகட்டைக் கீழே வைத்தேன்.

"அந்த ஜன்னல நாந்தான் வச்சேன். தப்பா வச்சுட்டேன்" என்றேன்.

இருபது வருடத்தில் என் வேலையில் தப்பு என்று நான் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்காகத்தான் வைத்தேன் என்று அவளுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். நகர்ந்தாள்.

"அடைங்க" என்றாள்.

தகட்டை வைத்து ஜன்னலை அடைத்தேன். கீழே ஆறு இடத்தில் செங்கல்லைத் தட்டி எடுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. மனைவியை வெளியே நிற்கச் சொன்னேன். கேட்கவில்லை. அவளே விறகைப் பற்ற வைத்தாள்.

முதலில் புகை குடைக்குள் தேங்கியது. விளிம்பில் இறங்கியது. ஆச்சி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். யாரோ, திறங்கண்ணே என்றார்கள். குழாய் சூடானால்தான் இழுக்கும், அது இன்னும் சூடாகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை தகட்டுப் பக்கம் போனது. மனைவி இருமினாள். இருமிக்கொண்டே இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள்.

அப்புறம் குழாயில் ஒரு உறுமல் கேட்டது. தேங்கி நின்ற புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுருண்டு மேலே ஏறியது. ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்து ஓட்டைக்கு நேரே பிடித்தேன். தாள் உள் பக்கமாக விறைத்து நின்றது.

சட்டியில் எண்ணெய் காய்ந்தது. மனைவி முதல் தேன்குழலைப் பிழிந்தாள். எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான்.

பிறகு அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பக்கத்து அடுப்புக்காரியிடம் சொன்னாள்.

"காலு குளுருதுடி."

அவ்வளவுதான் சொன்னாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக அடுப்புக்குப் பின்னால் போய்க் காலை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டே நின்றாள்.

ஆச்சி சேலைத் தலைப்பை இறக்கினார். கூரையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார்.

"இதத்தான் அந்தப் பொட்டி சொல்லுச்சாப்பா?"

"ஆமா ஆச்சி."

"மாசியிலயே போய்க் கேட்டுருக்கலாம்ல?"

ஆவணியில் அடுப்பு இடிபடவில்லை. தீபாவளிக்கு ஆச்சி இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்தார். ஜன்னலை அடைத்ததில் கொட்டகை இருட்டாக இருந்தது. தகட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தேன். வெளிச்சம் வருகிறது, காற்று வருவதில்லை.

மனைவிக்கு மூச்சு இழுப்பது முழுக்கப் போகவில்லை. மழைக்காலத்தில் வரும். ஆனால் படியில் நிற்காமல் ஏறுகிறாள். பேசுவதும் பழையபடி ஆகிவிட்டது. மேடம் தன் கணக்கைப் பெரியவரிடம் காட்டி முடித்துவிட்டார். ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டையை எட்டி எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை பார்த்ததுதான், காலில் படுவது இப்போதுதான் என்றார். ஒரு டப்பா மனகோலம் வாங்கிப் போனார்.

இப்போது பட்டறையில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஒரு ஓட்டல் சமையற்கட்டுக்கு வரைந்து கொடுத்தேன். ஒரு அரிசி ஆலை உலர்த்தியைப் பாதி வரைந்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு விரலால்தான் தட்டுகிறேன். சிவப்பு எழுத்து இப்போதும் வருகிறது. வந்தால் பயம் இல்லை. பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஒரு வேலை சரியாக வரவில்லை என்றால் முன்பெல்லாம் எங்கே கை பிசகியது என்றுதான் தேடுவேன். இப்போது அதற்கு முன்னால், நல்லது என்று நினைத்து நானாக எதை வைத்தேன் என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.